கல்லறைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று சமூகப் பணி பேசலாமா?

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 10ஆம் நாளைத் தமிழ்நாட்டின் திருச்சபைகள் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கின்றன. 1950ஆம் ஆண்டு அந்த நாளில் வெளியான பட்டியல் சாதியினருக்கான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதம் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றும் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறக்கப்பட்டது. தலித் கிறித்தவருக்கும் தலித் இசுலாமியருக்கும் இன்றுவரை திறக்கவில்லை. ஆகவே ஆயர்கள் கறுப்புக் கொடி ஏற்றுகிறார்கள், அருள்தந்தையர் கறுப்புப் பட்டை அணிகிறார்கள், மதம் மாறினாலும் சாதி மாறுவதில்லை என்று மேடையில் முழங்குகிறார்கள். அந்த முழக்கத்தில் நாமும் பங்கேற்றிருக்கிறோம், இனியும் பங்கேற்போம்.

அதே ஆண்டில் நவம்பர் 2ஆம் நாளும் வருகிறது. அது கல்லறைத் திருநாள். வட மாவட்டப் பங்கு ஒன்றில் அந்த நாளில் நாம் இருந்தோம். கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு வாயில்கள். நடுவே இடுப்பளவுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஊர்த்தெருக்காரர்களின் பளிங்குக் கல்லறைகள். இந்தப் பக்கம் காலனி மக்களின் மண்மேடுகளும் மரச்சிலுவைகளும். பங்குத்தந்தை முதலில் அந்தப் பக்கத்துக் கல்லறைகளை மந்திரித்தார். பின்னர் சாலைக்கு வந்து, சுற்றிக்கொண்டு இந்தப் பக்க வாயில் வழியாக நுழைந்து மந்திரித்தார். ஆகஸ்டில் கறுப்புப் பட்டை அணிந்து நின்றவரும் அவரே. கேட்டபோது, தாம் வந்து இரண்டு ஆண்டுகளே ஆகின்றன என்றும், இது ஊர் வழக்கம் என்றும், அடுத்த மாற்றலில் போய்விடப் போகிறவர் எதைத் தொடுவது என்றும் சொன்னார். அவர் கெட்டவர் அல்லர். களைத்துப்போனவர்.

அந்தப் பங்கு சமூகப் பணியில் பின்தங்கிய பங்கும் அன்று. முந்தைய மாதம்தான் காலனியில் கண் மருத்துவ முகாம் நடத்தியிருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிப் பைகள் கொடுத்திருந்தார்கள். மூக்குக் கண்ணாடி பெற்றிருந்த பாட்டி ஒருவர் நம்மிடம் சொன்னார்: “கண்ணாடி குடுத்தாங்க தம்பி, நல்லாத்தான் தெரியுது. தேருதான் எங்க தெருவுக்கு வரல.”

திருச்சபை தன்னைச் சுற்றியுள்ள மக்களை எவ்வாறு சென்றடைவது என்பது இன்று எல்லா மறைமாவட்டங்களிலும் பேசப்படும் பொருள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தம் பணிக்காலத்தின் தொடக்கத்திலிருந்தே, தனக்குள் முடங்காமல் புறப்பட்டுச் செல்லும் திருச்சபை வேண்டும் என்று வலியுறுத்திவந்தார். அவர் 2021இல் தொடங்கிய ஆயர் மாமன்றப் பயணத்துக்காகப் பங்குகள்தோறும் கருத்துக் கேட்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக முகாம்கள், தையல் பயிற்சி, தன்னுதவிக் குழுக்கள், மாலைநேரப் படிப்பகங்கள் என்று பட்டியல்கள் தயாராகின்றன. இவற்றை நாம் எள்ளி நகையாடவில்லை. ஊராட்சிப் பள்ளி எட்டாத இடத்தில் திருச்சபைப் பள்ளி எட்டியதால்தான் நம்மில் பலர் இன்று இந்த எழுத்தைப் படிக்கிறோம். ஆனால், காலனி மக்கள் திருச்சபையை அதன் முகாமைக் கொண்டு அளப்பதில்லை. செத்தவரை எங்கே புதைக்கிறது, தேரை எந்தத் தெருவில் திருப்புகிறது, கணக்குப் புத்தகத்தை யார் கையில் கொடுக்கிறது என்பவற்றைக் கொண்டே அளக்கிறார்கள். அதே காலனியில் வாழும் இந்துத் தலித்தும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

டெல்லியில் ஒரு வாதம், ஊரில் இன்னொரு வாதம்

இதை ஆன்மிகச் சிக்கலாக மட்டும் கருதிவிட முடியாது. இது நேரடியான சட்டச் சிக்கல்.

சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்துவந்த சூசை என்பவர், தம்மைப் போன்ற தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாக வழங்கிய பெட்டிக்கடை தமக்குக் கிறித்தவர் என்பதால் மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டுவது மட்டும் போதாது. இந்துச் சமூக அமைப்பில் இருந்த இழிவும் இயலாமைகளும் அதே கடுமையோடு கிறித்தவச் சமூகத்திலும் தொடர்கின்றன என்று நிறுவ வேண்டும். அதற்கான சான்றாதாரம் தம்முன் வைக்கப்படவில்லை என்று கூறி நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. அந்தத் தீர்ப்பின் மையமே சான்று இல்லை என்பதுதான்.

2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் இதற்கான வழக்கு நிலுவையில் நின்றது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையத்தை அமைத்து, அதன் காலத்தை நீட்டித்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறித்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. மறுபுறம், 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், திருமுழுக்குப் பெற்றவர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்பது அரசமைப்பின் மீதான மோசடி என்றே உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொன்னது. 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம், கிறித்தவப் போதகர் ஒருவர் தந்த புகாரில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்று வழக்கை நீக்கியது. கதவு இறுகிக்கொண்டே வருகிறது.

இந்த நிலையில் சான்று எங்கே இருக்கிறது? திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தைப் பிரித்து நின்ற சுவர் சான்று. 2008 மார்ச்சில் இறையூரில், தமக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கிறித்தவர்கள் கேட்டதைத் தொடர்ந்து எழுந்த மோதலும், காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்ததும் சான்று. (இறந்த இருவரும் ஆதிக்கச் சாதிக் கிறித்தவர்கள். சாதி யாரையெல்லாம் பலி கேட்கும் என்பதை இறையூர் காட்டியது.) கும்பகோணம் மறைமாவட்டத்தின் கோட்டப்பாளையம் பங்கில் கல்லறையிலும் திருவிழாவிலும் பாகுபாடு நிகழ்வதாகத் தலித் கிறித்தவர்கள் தொடுத்த வழக்கு 2025இல் உச்ச நீதிமன்றத்தை எட்டியிருக்கிறது. இத்தனை சான்றுகளும் திருச்சபையின் சொந்த வளாகத்துக்குள்ளேயே கிடக்கின்றன.

முரண் இங்கேதான் முற்றுகிறது. டெல்லியில் திருச்சபை, எங்களுக்குள் தீண்டாமை தொடர்கிறது, ஆகவே எம் மக்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று வாதிடுகிறது. ஊரில் பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடுத்தால், இது குடும்பச் சண்டை, உள்ளூர் வழக்கம், பங்கின் உள்விவகாரம் என்கிறது. ஒரே கட்சிக்காரர் இரண்டு நீதிமன்றங்களில் இரண்டு வாக்குமூலம் கொடுத்தால் வழக்கு என்னவாகும் என்பது முதலாண்டுச் சட்ட மாணவருக்கும் தெரியும்.

இடித்த சுவரைக் கட்டித்தரச் சொன்ன வழக்கு

“எங்களுக்கு அதிகாரம் இல்லை” என்பது பங்குத்தந்தையர் பலரும் சொல்லும் விடை. வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது.

நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் ஆலயத்தில் வேளாளரையும் நாடாரையும் பிரித்து உள்ளேயே சுவர் இருந்தது. இரண்டு சாதிக்கும் இரண்டு கூடங்கள், பீடம் மட்டும் பொது. 1910இல் இயேசு சபையார் கௌசானல் அடிகளார் காலத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. இடித்த சுவரை மீண்டும் எழுப்ப வேண்டும் என்று உயர்சாதியினர் வழக்குத் தொடுத்தார்கள். மைக்கேல் பிள்ளை எதிர் ஆயர் பார்த் என்ற அந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்று தோற்றது. சாதியைக் காட்டி ஆலயத்துக்குள் தனியிடம் கோரும் உரிமை எவருக்கும் கிடையாது என்பதே அதன் சாரம். அரசமைப்புச் சட்டம் பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, பிரித்தானிய ஆட்சியில், இப்படி ஒரு தீர்ப்பு. சுவரை இடிக்கும் அதிகாரம் திருச்சபைக்கு இருந்தது. அதைப் பயன்படுத்தியபோது நீதிமன்றம் துணை நின்றது. அன்று பயன்பெற்றவர்கள் நாடார்கள் என்பதையும், தலித்துகளைப் பிரித்த சுவர்கள் அதே வேகத்தில் இடிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

புராட்டஸ்டண்டுகளிடமும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமைகள் உடனடியாகக் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறித்தவர்கள் பெருமளவில் வெளியேறினார்கள். “கண்டித்தால் அவர்கள் போய்விடுவார்கள்” என்று இன்று சொல்லப்படும் அச்சம் அன்றே உண்மையாகியிருக்கிறது. திருச்சபை அதனால் அழிந்துவிடவில்லை. இன்று தமிழ்நாட்டுக் கிறித்தவரில் பெரும்பகுதியினர் தலித்துகள். யார் போய்விடுவார்கள் என்று அஞ்சுகிறவர்கள், யார் வெளியே நின்றபடியே இருக்கிறார்கள் என்பதை ஏன் கணக்கில் எடுப்பதில்லை?

கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 208ஆம் விதி, கிறித்தவ நம்பிக்கையாளர் அனைவருக்கும் மாண்பிலும் செயலிலும் உண்மையான சமத்துவம் உண்டு என்கிறது. 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்களைச் சந்தித்த இரண்டாம் ஜான் பால், சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட நற்செய்திப் பணிக்கு எதிரானது என்று கடிந்துகொண்டார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கை அறிக்கை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. கொள்கைக்குப் பஞ்சமில்லை. அந்த அறிக்கையைப் பங்குப் பேரவைக் கூட்டத்தில் வாசித்த பங்குகள் எத்தனை என்று நாம் செல்லுமிடமெல்லாம் கேட்டுவருகிறோம். பெரும்பாலும் கிடைக்கும் விடை, “அப்படி ஒன்று இருக்கிறதா?”

சட்டத்தில் எஞ்சியிருக்கும் வழி

தோழர்கள் பலரும் தவறவிடும் ஒன்றை இங்கே சற்று விரிவாகச் சொல்கிறோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989, பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகச் சட்டம் ஏற்றவருக்கே பாதுகாப்பளிக்கிறது. கிறித்தவ ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருப்பதால் அந்தச் சட்டம் அவருக்கு எட்டுவதில்லை. ஆனால், 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் அப்படிப்பட்டதன்று. அது அரசமைப்பின் 17ஆம் உறுப்பிலிருந்து பிறந்தது. அதன் 3ஆம் பிரிவும் 4ஆம் பிரிவும் “எந்த ஒரு நபரையும்” என்றே குறிப்பிடுகின்றன. அதே மதத்தைச் சேர்ந்த பிறருக்குத் திறந்திருக்கும் வழிபாட்டிடத்தில் தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம். இடுகாட்டைப் பயன்படுத்தத் தடுப்பது குற்றம். மத ஊர்வலத்தில் பங்கேற்பதைத் தடுப்பதும் குற்றம். தேர்பவனி இதில் அடங்கும். தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம்வரை சிறையும் அபராதமும். தொகையும் காலமும் சிறியவை. ஆனால் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் அது.

ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், செயல் தீண்டாமையின் பேரால்தான் நிகழ்ந்தது என்று 12ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அனுமானிக்கும். தலித் கிறித்தவருக்கு அந்த அனுமானம் கிடைக்காது. அவரே மெய்ப்பிக்க வேண்டும். எனவே கல்லறைப் பதிவேட்டின் நகல், திருவிழா அழைப்பிதழ், வரி வாங்க மறுத்ததற்கான சாட்சி, தேர் செல்லும் பாதையின் காணொளி என்று ஒவ்வொன்றையும் சேர்த்து வைக்க வேண்டும். இலவசச் சட்ட உதவியிலும் இதே ஓட்டை உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பின்றி உதவி தருகிறது. தலித் கிறித்தவ ஆண் வருமான வரம்பைக் காட்டியாக வேண்டும். ஆனால் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அந்த வரம்பு இல்லை. ஆகவே புகார்தாரராகப் பெண்கள் முன்வரும்போது வழக்கு எளிதாகிறது. அவர்கள் முன்வரவும் செய்கிறார்கள்.

திருச்சபை மக்களை நோக்கிச் செல்ல விரும்பினால் அதன் முதல் முகாம் இதுவாக இருக்கலாம்: மறைமாவட்டச் செலவில் ஒரு சட்ட உதவி மேசை, அங்கே தலித் வழக்குரைஞர் ஒருவர், அவருக்குத் தன் சொந்தப் பங்குத்தந்தையின் மீதும் புகார் வாங்கும் சுதந்திரம். இந்தக் கடைசி நிபந்தனை இல்லையென்றால் அந்த மேசை வீண்.

அடுத்தது கல்லறை. சுவரை இடிப்பது மட்டும் போதாது. இடித்த பிறகும் அவரவர் பக்கத்திலேயே புதைப்பதை நாம் கண்டிருக்கிறோம். சாகும் நாளின் வரிசைப்படி இடம், ஒரே பதிவேடு, ஒரே சவ வண்டி, குடும்பக் கல்லறைக்கு விலைக்கு இடம் விற்பதை நிறுத்துவது ஆகியவை வேண்டும். கல்லறைத் தோட்டம் மறைமாவட்டத்தின் சொத்து. அதன் வாசலுக்குப் பூட்டும் சாவியும் பங்குத்தந்தையிடம்தான் இருக்கின்றன.

தேர் விடயத்தில் நம் கருத்து கடுமையானது. காலனித் தெருவுக்குப் போகாத தேர் எந்தத் தெருவுக்கும் போக வேண்டியதில்லை. தெரு குறுகல், மின்கம்பி தாழ்வு என்ற காரணங்கள் சொல்லப்படும். கம்பியை உயர்த்தித் தருமாறு மின்வாரியத்துக்கு ஒரு மனு போதும்; எழுதித்தர நாம் ஆயத்தம். தேரை நிறுத்தினால் காணிக்கை குறையும், மண்டகப்படிக்காரர் கோபிப்பார், திருவிழாக்கடைக்காரர் நட்டமடைவார். இவையெல்லாம் உண்மை.

பள்ளிகளைப் பற்றிச் சுருக்கமாக. 2014இல் உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வு, கல்வி உரிமைச் சட்டத்திலிருந்து சிறுபான்மைப் பள்ளிகளுக்கு முழு விலக்களித்தது. அதனால் நலிந்த பிரிவினருக்கான 25 விழுக்காட்டு இடம் என்ற கடமை அவற்றுக்கு இல்லை. அந்த விலக்குச் சரியா என்பதே 2025இல் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. தீர்ப்பு எப்படி வந்தாலும், சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் ஒரு நிறுவனம் என்ன செய்கிறது என்பதுதான் அதன் சமூகப் பணி. நகரத்து ஆங்கில வழிப் பள்ளியில் தலித் பிள்ளைகள் எத்தனை பேர், ஆசிரியர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை ஆண்டுதோறும் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். கன்னியர் மடத்தின் மதில்களுக்குள்ளும் சாதி நுழைந்திருப்பதைப் பாமாவின் ‘கருக்கு’ 1992இலேயே எழுதிக்காட்டிவிட்டது. ஆகவே எவரும் புதிதாக அதிர்ச்சி அடைய வேண்டியதில்லை.

பங்கு நிதிக்குழு குறித்தும் ஒரு சொல். திருச்சபைச் சட்டத்தின் 537ஆம் விதிப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம். அதில் காலனியிலிருந்து யார் இருக்கிறார்? வழிபாட்டுக் குழுவில் வாசகம் வாசிக்க இடம் கொடுத்துவிட்டுக் கணக்கை ஊர்த்தெருவிலேயே வைத்துக்கொள்வது நமக்குப் பழக்கமான உத்தி. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினாலானபோது நாம் மகிழ்ந்தோம். ஆனால் உரோமையில் ஒரு சிவப்புத் தொப்பி வந்த பிறகும் பல கிளைக் கிராமங்களில் காணிக்கைப் பெட்டியின் சாவி இடம் மாறவில்லை.

இவ்வாறெல்லாம் வெளிப்படையாக எழுதுவது சங்கப் பரிவாரத்துக்குத் தீனி போடுவதாகாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆலயங்கள் தாக்கப்படும் காலத்தில் இந்தக் கேள்வி மலிவானது அன்று. 2002இல் தமிழ்நாட்டில் மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தபோது தலித் இயக்கங்கள் அதை எதிர்த்து நின்றன; 2004இல் அது திரும்பப் பெறப்பட்டது. அப்படிப்பட்ட சட்டம் மீண்டும் வந்தால் மீண்டும் நிற்போம். ஆனால், “அங்கே போயும் நீ பறையன்தானே” என்ற ஏளனத்துக்கான பொருளைச் சங்கப் பரிவாரத்துக்குக் கொடுப்பது நம் கட்டுரையா, கல்லறைச் சுவரா? சுவர் இல்லாத ஊரில் அந்த ஏளனத்தைச் சொல்லிப் பார்க்கட்டும்.

நாம் தொடங்கிய அந்த வட மாவட்டப் பங்குக்கே திரும்புவோம். காலனியின் பதினான்கு பெண்கள் கையொப்பமிட்டு ஆயருக்கு மனு அனுப்பியிருக்கிறார்கள். தம் தேவைகளை மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்கும் உரிமையைத் தரும் 212ஆம் விதியை அதில் மேற்கோள் காட்டியிருக்கிறோம். கேட்டவை மூன்று: நவம்பர் 2க்குள் கல்லறைக்கு ஒரே வாயில்; நிதிக்குழுவில் காலனிக்கு இரண்டு இடம், அதில் ஒருவர் பெண்; அடுத்த திருவிழாவின் தேர்ப்பாதை கொடியேற்றத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிக்கப்பட வேண்டும். ஒப்புகை அட்டை வந்துவிட்டது, விடை வரவில்லை. மூக்குக் கண்ணாடி அணிந்த பாட்டியின் கையொப்பம் ஐந்தாவதாக இருக்கிறது. விடை வராவிட்டால் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அளிக்க வேண்டிய புகாரின் வரைவு ஆயத்தமாகிவிட்டது. ஆயர் இல்லத்திலிருந்து காலனிக்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம்.